அடிக்காத பாதி

பிப்ரவரி 6, செவ்வாய்

இந்த வருடத்தில் இரண்டாவது கண்ணாடி. இடது பக்கத் தண்டு அடியோடு முறிந்துவிட்டது, லென்ஸிலும் கீறல். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் புது ஃபிரேமுக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் அங்கே இருக்கிற எல்லோருக்கும் அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதுதான் வேலை. புருவத்துக்குக் கீழே வீங்கியிருந்ததைப் பவுடர் போட்டு மறைத்துக்கொண்டு போனேன். லென்ஸ் அறுப்பவர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"மேடம், உங்க வீட்டுக் கதவுக்கெல்லாம் உங்க மேல அப்படி என்ன கோபம்?"

போன தடவை கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்லியிருந்தேன். சிரித்து வைத்தேன்.

அடித்தது அவர். இங்கேயாவது ஒழுங்காக எழுதலாம். இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில், இந்த நோய் வரும்வரை என் மேல் கை ஓங்காத மனுஷன். லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ மாடிக் கட்டடங்களில் கம்பிவடம் மாற்றிய கை அது. அறுபத்தொரு வயதிலும் பிடித்தால் பிடிதான். மூளையின் முன்பக்கம் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் படத்தைக் காட்டி இரண்டு வருடம் ஆகிறது. காலையில் நன்றாக இருக்கிறார். சாயங்காலம் வெளிச்சம் இறங்கும்போது நான் யார் என்று தெரியாமல் போய்விடுகிறது.

நேற்று சொன்னார்: "யாரு நீ? மரியாதையா வெளியே போயிடு. என் பொண்டாட்டி வர்ற நேரம். அவ வந்தா உன்னைச் சும்மா விடமாட்டா."

அவ்வளவு நம்பிக்கை என் மேல். சொல்லிவிட்டுத்தான் அடித்தார்.

பிப்ரவரி 9, வெள்ளி

மருந்தைக் கூட்டினால் நாள் முழுக்கத் தூங்குகிறார். எச்சில் வழிகிறது, நடந்தால் தள்ளாடுகிறார். குறைத்தால் இப்படி. "கொஞ்சம் கோபப்படறார்" என்று மட்டும் டாக்டரிடம் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவருக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்றா? எனக்கே விளங்கவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று ஒன்றும் இல்லை. பாத்திரமெல்லாம் துடைத்துக் கொடுத்தார். சமையலறைக் கதவு முன்னால் நின்று, அது தானாகத் திறக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் என்று நினைப்பு.

மார்ச் 2, சனி

டயர் கடைக்கு மேலே இருக்கிற கூடத்துக்கு இன்று ஏறிப் போய்விட்டேன். 'பெண்களுக்குத் தற்காப்பு – பாக்சிங்' என்ற போர்டைப் பஸ்ஸிலிருந்து ஆறு மாதமாகப் பார்க்கிறேன். உள்ளே ஏழெட்டுப் பெண்கள், எல்லாம் கல்லூரி வயது. ரப்பரும் வியர்வையும் கலந்த வாடை. கோச் என் மகளைவிட இரண்டு வயது சின்னவள். மூக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. பகலில் பார்சல் வேன் ஓட்டுகிறாளாம்.

"யாருக்குக் கேக்கறீங்க, பொண்ணுக்கா?"

"எனக்குத்தான்."

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே சேர்ந்துவிடலாம் போலிருந்தது.

"யார்கிட்ட இருந்து தற்காப்பு?"

"பொதுவா."

"பொதுவான்னு இந்தப் பொண்ணுங்க வருவாங்க அக்கா. உங்க வயசுல யாராவது ஒருத்தரை நினைச்சுக்கிட்டுத்தான் படி ஏறுவாங்க."

சொல்லிவிட்டேன். டாக்டரிடம் சொல்லாதது, மகளிடம் சொல்லாதது எல்லாம், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு. கடைசியில் கேட்டேன்: "எனக்கு அடிக்கச் சொல்லித்தர வேண்டாம்மா. அடி படாம இருக்க மட்டும் சொல்லிக்கொடு. அந்தப் பாதி போதும்."

கையுறையின் பட்டையைப் பிரித்தாள், ஒட்டினாள், மறுபடியும் பிரித்தாள்.

"அப்படிப் பாதியா வராதுக்கா. தடுக்கறதும் அடிக்கறதும் ஒரே கைதானே. சரி, பார்க்கலாம்."

செவ்வாயும் சனியும் காலை ஆறரைக்கு. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற அம்மாவை அந்த இரண்டு நாளும் ஆறு மணிக்கே வரச் சொல்ல வேண்டும். எங்கே போகிறேன் என்று கேட்டால் யோகா என்று சொல்லலாம்.

மார்ச் 5, செவ்வாய்

"கண்ணை மூடாதீங்க!"

ஒரு மணி நேரத்தில் இருபது தடவையாவது கத்தியிருப்பாள். பஞ்சு உறையால் மெல்லத்தான் தட்டுகிறாள், ஆனாலும் கை வருவது தெரிந்ததும் இமை இறங்கிவிடுகிறது. முப்பது வருடமாக மற்றவர்களை 'கண்ணை நல்லா திறங்க' என்று அதட்டி வந்திருக்கிறேன். எனக்குத் திறக்கத் தெரியவில்லை.

மார்ச் 16, சனி

இன்று கல்லூரிப் பெண் ஒருத்தி கேட்டாள்: "தெருவுல ஒருத்தன் நம்ம கையைப் பிடிச்சு இழுத்தா பாக்சிங்ல என்ன பண்ணணும்?"

"பாக்சிங்ல அதுக்குப் பதிலே கிடையாது" என்றாள் கோச். எல்லோருக்கும் முகம் விழுந்துவிட்டது. "பிடிச்சுக்கிட்டா ரெஃப்ரி வந்து பிரிச்சுவிடுவார். தெருவுல ரெஃப்ரி ஏது? கத்தி வச்சிருந்தாலும் பதில் கிடையாது, ரெண்டு பேர் வந்தாலும் கிடையாது. கையுறை இல்லாம அவன் மண்டையில குத்தினா முதல்ல உடையறது உங்க விரல்தான்."

"அப்போ எதுக்குக் கத்துக்கிட்டு?"

"அடி விழுந்தா உறைஞ்சு போகாம இருக்க. முக்கால்வாசிப் பேர் முதல் அடியிலயே சிலையாயிடறாங்க. இங்கே தினம் வாங்கிப் பழகினா, அங்கே வாங்கும்போது மூளை வேலை செய்யும். எட்ட நிக்கத் தெரியும். கதவு எந்தப் பக்கம்னு தெரியும். ஓடத் தெரியும். அவ்வளவுதான், அதுவே பெரிசு."

எனக்குப் பிடித்திருந்தது. இல்லாததை விற்காத கடைக்காரி. ஆனால் ஓடுவது எனக்கு ஆகாதே. நான் ஓடிவிட்டால் அடுப்பும் அவரும் தனியாக இருப்பார்கள்.

மார்ச் 30, சனி

வேலை செய்கிறது!

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தேன். சாயங்கால வெளிச்சம் இறங்கிய கூடத்தில் நின்றிருந்தார். அந்த அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு போனதுதான் தாமதம், "திருட்டுக் கழுதை" என்று வந்தார். முன்பெல்லாம் "என்னங்க, நான்தாங்க" என்று கெஞ்சிக்கொண்டு நேராக எதிரே நிற்பேன். அதுதான் நான் செய்த தப்பு. இன்று இடது கால் முன்னே போனது, கை இரண்டும் கன்னத்துக்கு வந்தன. முதல் அடி முழங்கையில் விழுந்தது. இரண்டாவதற்கு நான் அந்த இடத்திலேயே இல்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி இரண்டு சுற்று; அவருக்கு மூச்சு வாங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார்.

கையில் மட்டும் கன்றிப்போயிருக்கிறது. நீளக் கை ரவிக்கை போட்டுக்கொண்டால் தெரியாது.

ஏப்ரல் 13, சனி

இன்று கட்டிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். கேட்டால் சிரிப்பு வரும். ஆட்டத்தில் களைத்துப் போனவர்கள் அப்படித்தான் செய்வார்களாம்: எதிராளியை ஒட்டிப் போய், அவன் கைகளுக்கு உள்பக்கமாக நம் கையைக் கொடுத்து, தலையை அவன் தோளில் புதைத்து இறுக்கிக்கொள்வது. கை ஓங்க இடமில்லாவிட்டால் அடிக்க முடியாது.

"பயம் எட்டிப் போகச் சொல்லும்கா. நீங்க கிட்டே போங்க."

ஏப்ரல் 18, வியாழன்

செய்துபார்த்தேன். சமையலறை மூலையில் மாட்டிக்கொண்டேன், சுற்றி வர இடமில்லை. கை ஓங்கியபோது உள்ளே போய் இறுக்கினேன். திமிறினார். முதுகில் இரண்டு மூன்று விழுந்தன. பக்கத்தில் இருந்ததால் வேகமில்லை. தலையை அவர் தோளில் அழுத்தியபடியே எண்ணினேன். இருபது, முப்பது. நாற்பதில் அவர் கை தளர்ந்தது. பிறகு அந்தக் கை என் முதுகிலேயே இருந்துவிட்டது.

சட்டையில் சோப்பு வாசனை. நான் போட்டுத் துவைத்த சோப்புதான்.

ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும், நாங்கள் இப்படி நின்று. நான் விடவில்லை. விட வேண்டிய நேரம் தாண்டியும் விடவில்லை.

மே 5, ஞாயிறு

மகள் போன் செய்தாள். அவள் இருக்கும் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில், தோட்டத்துப் பக்க அறையில் ஓர் இடம் காலியாகியிருக்கிறதாம். போன வருடம் பேர் கொடுத்து வைத்திருந்தோம்.

"இப்ப விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாதும்மா. ஒழுங்கா யோசி."

"யோசிக்க என்ன இருக்கு? என்னால சமாளிக்க முடியுது."

"போன மாசம்தானே அழுதே?"

"அது போன மாசம்."

 "அப்படி என்னம்மா மாறிப்போச்சு?" என்றாள். பாக்சிங் என்று எப்படிச் சொல்வது. யோகா என்றேன். இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

நல்ல தைரியம் வந்துவிட்டது எனக்கு.

மே 21, செவ்வாய்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். இன்று கோச் வரத் தாமதமானது. பஞ்சு மூட்டை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு குத்து விட்டுப் பார்த்தேன். பிறகு இன்னொன்று. எவ்வளவு நேரம் என்று தெரியாது, நிமிர்ந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"இந்தப் பாதி வேண்டாம்னு சொன்னீங்களே?"

"சும்மா."

"சும்மா இல்லைக்கா. வலது கை அருமையா வருது."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சந்தோஷமாகிவிட்டது. கடையில் நாள் முழுக்க முகத்தில் சிரிப்பு. லென்ஸ் அறுப்பவர், "மேடத்துக்கு லாட்டரி விழுந்திருக்கா?" என்று கேட்டார்.

மூட்டையை அடிக்கும்போது யாரை நினைத்தேன்? யாரையும் இல்லை. சத்தியமாக யாரையும் இல்லை.

ஜூன் 8, சனி

ஒதுங்கித் திருப்பிக் கொடுப்பது. வலது பக்கம் தலையைச் சாய்த்து அடியைத் தோளுக்கு மேலே போகவிட்டு, அதே மூச்சில் வலது கை. முன்னூறு தடவை. நான் கேட்கவில்லை, அவள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். நான் விலகி நிற்கவும் இல்லை.

ஜூன் 12, புதன்

மருந்து மாற்றியிருக்கிறார்கள். மூன்று நாளாகச் சாயங்காலம் மோசம்.

ஜூன் 28, வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக வருகிறது.

நேற்று ஆறேகாலுக்கு நடந்தது. டார்ச் லைட் கையில் இருந்தது அவருக்கு. பழைய இரும்பு டார்ச், லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது கொண்டுபோவது. அதை எங்கே ஒளித்துவைத்திருந்தார் தெரியவில்லை. ஓங்கினார். நான் சாய்ந்தேன். டார்ச் தோளுக்கு மேலே காற்றில் போனது. அதே மூச்சில்—

ஒரே ஒரு குத்து. தாடையில். மரம் மாதிரி பின்னால் சாய்ந்தார், மேசை விளிம்பில் இடித்துக் கீழே விழுந்தார். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. ஐயோ, என்னங்க, என்னங்க எழுந்திருங்கன்னு கத்தறேன், வாயிலேருந்து ரத்தம், ஒரு பல் தரையில கிடக்குது, நான் அதைப் போய்ப் பொறுக்கிக்கிட்டு இருக்கேன், போன் பண்ணணும்னு தோணலை, பல்லைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் கேட்டார்: "எப்படி விழுந்தார்?"

"கால் தடுக்கி."

என் வலது கையைப் பார்த்தார். சுண்டுவிரல் பக்கம் உருண்டையாக வீங்கியிருந்தது.

"நீங்களும் கால் தடுக்கித்தான் விழுந்தீங்களா அம்மா?"

அதற்கு மேல் பொய் வரவில்லை. சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். 'கை தானாப் போயிடுச்சு' என்று நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார்.

அவருக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. எனக்குக் கை எலும்பு ஒன்று. மண்டையில் ரத்தக் கசிவு இல்லை என்றார்கள். அதைக் கேட்டதும் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

கை தானாகப் போகவில்லை.

இதை யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன். டார்ச் என்னைத் தாண்டிப் போன பிறகு ஒரு நொடி இருந்தது. சின்ன நொடி, ஆனால் இருந்தது. கண்ணை மூடாமல் இருக்கப் பழகிவிட்டேனே, எல்லாம் தெரிந்தது. அவர் தாடை மறைப்பில்லாமல் கிடந்தது. கதவு என் இடது பக்கம் நான்கு அடியில். அது அவர் என்றும் தெரிந்தது; திருடன் இல்லை, அந்நியன் இல்லை, என் புருஷன். இரண்டு வருடத்தில் உடைந்த கண்ணாடி, பவுடர், பொய், யோகா, எல்லாம் என் தோளில் வந்து உட்கார்ந்தன. அடித்தேன்.

பட்டபோது நன்றாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அவர் விழ ஆரம்பிக்கும்வரை நன்றாக இருந்தது.

ஜூலை 3, புதன்

மகள் வந்துவிட்டாள். அப்பாவையும் டாக்டரையும் பார்த்துவிட்டு வந்து வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், ஆறு வாரத்துக்குக் குழாயால்தான் ஆகாரம்.

"பாக்சிங்காம்மா? அப்பாகிட்டயா?"

 திட்டுவாள் என்று காத்திருந்தேன். என் ரவிக்கையின் நீளக் கையை மேலே சுருட்டிப் பார்த்தாள். பழைய கன்றல்கள் மஞ்சளாகவும் புதியவை நீலமாகவும் இருந்தன. ஒன்றொன்றாக விரலால் தொட்டாள்.

"இதெல்லாம் எப்போலேருந்து?"

"ரெண்டு வருஷமா."

"என்கிட்ட ஏம்மா சொல்லலை? போர்த்திக்கிட்டுப் போன்ல சிரிச்சியே." அழுதாள். நானும் அழுதிருக்க வேண்டும், வரவில்லை.

விசாரிக்க வந்த சமூகநலத் துறைப் பெண் ஆஸ்பத்திரியில் எழுதிவைத்ததை எல்லாம் படித்துவிட்டு, வழக்கு எதுவும் இல்லை, ஆனால் இனி அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றாள். தண்டனை மாதிரி சொல்லவில்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பாள்.

ஜூலை 15, திங்கள்

மே மாதம் நான் வேண்டாம் என்ற இல்லத்தில் இப்போது இடமில்லை. இன்னும் தள்ளி, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஓர் இடத்தில் சேர்த்தோம். அறையில் இன்னும் மூன்று பேர். ஜன்னலுக்குக் கம்பி. மே மாதம் சரி என்று சொல்லியிருந்தால் முழுத் தாடையோடு, தோட்டத்துப் பக்கம் அறையில் இருந்திருப்பார். என்னால் சமாளிக்க முடிகிறது என்று சொன்னேன். முடிந்தது, ஐம்பத்து மூன்று நாள்.

ஜூலை 16, செவ்வாய்

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தேன். கூடம் காலி. கன்னத்துக்கு உயர்ந்த கையை இறக்கிவிட்டுச் செருப்பைக் கழற்றினேன்.

ஆகஸ்ட் 10, சனி

கோச் கடைக்கு வந்தாள். நடந்ததைப் போனில் முன்பே சொல்லியிருந்தேன். வேன் ஓட்ட உரிமத்தைப் புதுப்பிக்கக் கண் சோதனைச் சீட்டு வேண்டுமாம். அது உண்மைதான், ஆனால் அதற்கு வேறு கடை கிடைக்காமலா? நாற்காலியில் உட்காரவைத்து ஒரு கண்ணை மூடி எழுத்து வாசிக்கச் சொன்னேன். வலது கண் சரி. இடது கண்ணில் கடைசி மூன்று வரி தெரியவில்லை.

"அங்கே எழுத்து இருக்கா என்ன?" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். வருடக்கணக்காகக் குத்து வாங்கிய கண் அது. சீட்டை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"உங்களைச் சேர்த்திருக்கக் கூடாதுக்கா. பாதி வராதுன்னு தெரிஞ்சே சேர்த்தேன்."

"நீ சேர்க்கலைன்னா அந்த டார்ச் என் மண்டையில விழுந்திருக்கும்."

"அப்போ பிரயோஜனம்தானே?"

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். உயிரோடு உட்கார்ந்து அடுத்தவள் கண்ணைச் சோதித்துக்கொண்டிருக்கிறேனே. ஆனால் "கண்ணைக் கவனி, தள்ளிப்போடாதே" என்றேன்.

திரும்பி வருவீர்களா என்று அவள் கேட்கவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

பல்லில் கட்டியிருந்த கம்பியைப் பிரித்துவிட்டார்கள். தாடை கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கி இருக்கிறது. பேச்சு அனேகமாக நின்றுவிட்டது. அடிக்கிறாரா என்று நர்ஸிடம் கேட்டேன். "இவரா? குழந்தை மாதிரிம்மா" என்றாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று வெயில் நன்றாக இருந்தது. அவரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யார் என்று கேட்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மகள் அனுப்பிய படங்களைக் காட்டினேன். கடையில் புதிதாக வந்திருக்கும் ஃபிரேம்களைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது.

மதியம் கஞ்சி கொடுத்தார்கள். நான் ஊட்டினேன், நன்றாகச் சாப்பிட்டார். தாடை கோணலாக இருப்பதால் ஓரத்தில் வழிந்தது. துடைத்துவிடலாம் என்று துண்டோடு வலது கையைத் தூக்கினேன்.

தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இரண்டு கையும் முகத்துக்கு வந்தன, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

என் பேர் தெரியாது. கல்யாணம் தெரியாது, மகள் தெரியாது. இந்தக் கையைத் தெரிகிறது.

"ஒண்ணுமில்லைங்க, நான்தாங்க" என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் கையை இறக்கவில்லை. நர்ஸ் ஓடி வந்து, "ஐயா, அம்மாதானே, எதுக்குப் பயம்?" என்று தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவளிடம் துண்டைக் கொடுத்தேன். அவள் துடைத்தபோது முகத்தைக் காட்டிக்கொண்டு பேசாமல் இருந்தார்.

நான் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன்.